முகப்பில் கடல் வீடியோ போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருகோணமலையில் இணையத்தளம் செய்து கொடுக்கிறவர்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிக்காரர்களும், திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற படகுக்காரர்களும்தான். எல்லோரும் கேட்பது ஒன்றே: பக்கத்தைத் திறந்ததும் கடல் ஓட வேண்டும். கேட்பதில் பிழையில்லை. நாம் அதைப் போடுகிற விதத்தில்தான் வில்லங்கம்.

ட்ரோன்காரர் பென் டிரைவில் தந்த கோப்பை அப்படியே ஏற்றிவிடுவது முதல் தவறு. 4கே ட்ரோன் கமரா ஒன்று விநாடிக்கு 60 மெகாபிட் பதிகிறது என்று வையுங்கள் (100 வரை போகிறவையும் உண்டு), 30 விநாடிக் காட்சியே 225 எம்பி ஆகிவிடும். உங்கள் மேசையில் ஃபைபர் இருப்பதால் அது உறைக்காது. பஸ்ஸில் இருந்தபடி டேட்டாவில் அறை தேடுகிறவர் பக்கம் திறக்கும் வரை காத்திருக்கப் போவதில்லை, அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். முகப்புக்கு 10, 12 விநாடி போதும், 720பி போதும், ஒலித்தடத்தை முழுக்க நீக்கிவிடலாம். இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது: வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை மூலமாக எடுத்துக்கொள்வது. அது ஏற்கெனவே ஒருமுறை நசுங்கி வந்தது, நாம் இன்னொரு முறை நசுக்கினால் கடல் கஞ்சி மாதிரித்தான் தெரியும். மூலக் கோப்பைக் கூகிள் டிரைவில் போடச் சொல்லுங்கள், அல்லது வட்ஸ்அப்பிலேயே ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கடல் காட்சி சுருங்க மறுக்கும் சாமான். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் மாறியதை மட்டும் எழுதித்தான் கோடெக் (வீடியோவைச் சுருக்குகிற முறை) இடத்தை மிச்சம்பிடிக்கிறது. ஒருவர் கதிரையில் இருந்து பேசுகிற வீடியோவில் வாயும் கையும்தான் அசையும், ஆனால் வெயிலில் மினுங்குகிற அலையில் மாறாத இடமே இல்லை. அதனால் எங்கோ ஒரு டியூட்டோரியலில் பார்த்த பிட்ரேட்டை (விநாடிக்கு எத்தனை பிட் என்ற அளவை) இங்கே போட்டால் தண்ணீர் முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் பிட்ரேட்டைக் கட்டிவைக்காமல், தரத்தைத் தீர்மானிக்கிற சிஆர்எஃப் எண்ணை 24க்கும் 28க்கும் இடையில் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் கோப்பு பெரிதாக வந்தால் விநாடிக்கு 60 ஃபிரேமை 24 அல்லது 30 ஆக்குங்கள், லேசாக டீநொய்ஸ் செய்யுங்கள் (படத்தில் மினுங்குகிற புள்ளிகளைக் குறைப்பது). எனக்குக் கேட்டால் காட்சியையே மாற்றச் சொல்வேன். பின்னேர வெயிலில், உயரத்தில் இருந்து மெதுவாக நகர்கிற ஒரு ஷொட், அலைக்குக் கிட்டப் போய் எடுத்ததில் பாதி எடைகூட வராமல் போகலாம்.

அடுத்தது ஐபோன். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததில் இருந்து புதிய ஐபோன்கள் எச்இவிசி என்ற புதிய கோடெக்கில் பதிகின்றன. உங்கள் மெக்கில் அழகாக ஓடுவது வாடிக்கையாளரின் பழைய அன்ட்ரொய்டில் கறுப்புப் பெட்டியாக நிற்கலாம். கோப்பின் பெயரில் .மூவ் என்பதை .எம்பி4 என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது (செய்கிறார்கள், சத்தியமாகச் செய்கிறார்கள்). பழைய கருவிகளிலும் ஓடுகிற 8 பிட் எச்.264 கோடெக்குக்கு மாற்றுங்கள், எச்டிஆர் (வெளிச்ச வீச்சுக் கூடிய) வீடியோ என்றால் நிறத்தையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் வெளிறிப்போய்த் தெரியும்.

மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக்கின் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தெரிவை மறக்கக் கூடாது. எம்பி4 கோப்பின் அட்டவணை (எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) வழமையாகக் கோப்பின் கடைசியில் இருக்கும், அது கைக்கு வராமல் பிரவுசரால் முதல் ஃபிரேமைக்கூடக் காட்ட முடியாது. இந்தத் தெரிவு அட்டவணையை முன்னுக்குக் கொண்டுவரும். கூடவே சர்வர் ரேஞ்ச் கோரிக்கைக்கு (கோப்பில் ஒரு துண்டை மட்டும் கேட்பது) 206, அதாவது கேட்ட துண்டு மட்டும், என்று பதில் தருகிறதா என்று பாருங்கள். சொந்தமாக நோட்.ஜேஎஸ்ஸில் கோப்பு அனுப்புகிறவர்கள் எப்போதும் 200 (முழுக் கோப்பு) அனுப்பிவிட்டு, சபாரியில் மட்டும் ஏன் ஓடவில்லை என்று தலையைச் சொறிவார்கள்.

"தம்பி, சத்தத்தோட தானா ஓட வையுங்கோ" என்று முதலாளி கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். 2018இல் குரோம் 66 வந்ததில் இருந்து, பார்க்கிறவர் எதையும் தொடாமல் சத்தத்தோடு ஓடுவதைப் பெரும்பாலும் குரோம் தடுத்துவிடும், சபாரியும் விடாது. வீடியோ டேக்கில் மியூட்டட் (சத்தம் இல்லாமல்) இருக்க வேண்டும், ஐபோனுக்காகப் பிளேஸ்இன்லைனும் (முழுத்திரைக்குப் போகாமல் பக்கத்துக்குள்ளேயே ஓட) இருக்க வேண்டும். இரண்டையும் போட்டாலும் பற்றரிச் சேமிப்பில் இருக்கிற ஐபோன் ஓட்டாது. ஆகவே போஸ்டர் படம் (வீடியோ ஓடும் வரை அதன் இடத்தில் தெரிகிற படம்) கட்டாயம், அதுவும் வீடியோவே வராவிட்டாலும் பக்கம் முழுமையாகத் தெரிகிற மாதிரி ஒரு நல்ல படமாக இருக்கட்டும். போனில் வீடியோ வேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸில் டிஸ்பிளே நன் போட்டு மறைப்பதும் வீண், கண்ணுக்குத்தான் தெரியாது, டேட்டா போய்க்கொண்டே இருக்கலாம்.

நீண்ட வீடியோ என்றால் யூடியூப்பில் போடுவதே புத்தி. ஆனால் ஒரே பக்கத்தில் ஆறு ஐஃபிரேம் (வேறு தளத்தை நம் பக்கத்துக்குள் காட்டுகிற சட்டம்) வேண்டாம், ஒவ்வொன்றும் தன் பிளேயரை இறக்கும். படத்தை மட்டும் காட்டி, தொட்ட பிறகு ஐஃபிரேமைக் கொண்டுவாருங்கள். ஐஃபிரேமின் யூடியூப் முகவரியில் ரெல்=0 சேருங்கள். 2018க்குப் பிறகு அது தொடர்புடைய வீடியோக்களை முற்றாக நிறுத்துவதில்லை, அதே சேனலில் இருந்து காட்டும். பக்கத்துக் காணி விடுதியின் வீடியோ வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக வசன வரிகள். இங்கே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கேட்பார்கள். தமிழ் வரிகளைத் தட்டச்சு செய்து தருகிறவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தந்தால், திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் ஓடும். யூனிகோடுக்கு மாற்றி யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். எஸ்ஆர்டி என்ற வசன வரிக் கோப்பைப் பெயர் மாற்றி, பிரவுசர் கேட்கிற விடிடி ஆக்கியவர்கள், மேலே முதல் வரியில் வெப்விடிடி என்ற தலைப்பு ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறதா, மில்லிவிநாடிக்கு முன்னால் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரிகள் வராது, ஏன் என்று பக்கத்தில் எதுவும் சொல்லவும் மாட்டாது.