மாடித்தோட்டம் முதியவர்களுக்கு என்றால், முதலில் அளவு நாடாவை எடுங்கள்

எங்கள் ஆதம்பாக்கம் குடியிருப்பில் பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் வெளியூரில், பகல் முழுவதும் தொலைக்காட்சி. அவர்களுக்காக மொட்டைமாடியில் ஒரு பொதுத்தோட்டம் போட்டோம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் விவரம் கேட்கிறார்கள் என்பதால் இந்தச் செய்முறை. விதைப்பது எப்படி, நீர் ஊற்றுவது எப்படி என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

"செடியால் உடம்பு தேறுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். பித்தப்பை அறுவைக்குப் பிறகு, ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தோட்டம் மருந்துக்குத் துணை, அவ்வளவுதான்.

படி 1: அனுமதி

சங்கக் கூட்டத்தில் முதல் கேள்வியே "ஒழுகினால் யார் பொறுப்பு?" என்றுதான் வரும். தரையில் நேரடியாக எதையும் வைக்க மாட்டோம், எல்லாம் இரும்புத் தாங்கியின் மேல்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: உயரம்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நர்சரிக்காரர் தரும் பெரிய வளர்ப்புப் பைகளைத் தரையில் அடுக்கினால், முழங்கால் வலிக்காரர் ஒருவர்கூடக் குனிய மாட்டார். அதையே மேசை மேல் தூக்கி வைத்தால் மண் தோள் உயரத்துக்குப் போய்விடும். உட்கார்ந்தபடி கையைத் தூக்கிக்கொண்டே எவ்வளவு நேரம் களை பறிக்க முடியும்?

ஒவ்வொருவரையும் அவரவர் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். தரையிலிருந்து தொடையின் மேற்பக்கம் வரை ஓர் அளவு. மடக்கிய முழங்கை வரை இன்னோர் அளவு. முதல் அளவுக்கு மேலே, தாங்கியில் வைக்கும் மண் தட்டின் அடிப்பக்கம் இருக்க வேண்டும், கால் உள்ளே போவதற்கு. இரண்டாம் அளவை ஒட்டி மண்ணின் மேல்மட்டம். இடையில் சில அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே ஆழமான தொட்டி வேண்டவே வேண்டாம். நான்கு முதல் ஆறு அங்குல ஆழத் தட்டுகளே சரி. சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தட்டின் அடியில் 27 அங்குலம் இடைவெளி விடுங்கள். மண்மட்டம் முழங்கையைவிடச் சற்று உயர்ந்தாலும் பரவாயில்லை. தட்டின் அகலம் இரண்டு அடியைத் தாண்டினால் மறுமுனை எட்டாது.

படி 3: கலவை

தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதில் உப்பு உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக்கரிக்கும் பகுதியென்றால் கடைசி அலசலுக்காவது குடிநீர்.

படி 4: செடிகள்

ஆழம் குறைவு என்பதால் வெந்தயக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி. வெந்தயம் இரண்டு மூன்று நாளில் முளை காட்டிவிடும். பொறுமையில்லாதவர்களைக் கட்டிப்போட அதைவிட நல்லது எதுவுமில்லை. தனியாவை லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போடுங்கள். ஓரத்தில் மரிக்கொழுந்து, கற்பூரவள்ளி, துளசி. பார்வை மங்கியவர்கள் இலையைக் கசக்கி மோந்தே இது இன்னது என்று சொல்லிவிடுகிறார்கள். அரளி மட்டும் கூடாது: எல்லாப் பாகமும் நஞ்சு, மறதிநோய் உள்ளவர்கள் வாயில் வைத்துவிடக்கூடும்.

படி 5: வேலைப் பங்கீடு

இளைஞர்கள் எல்லாவற்றையும் செய்துவிட்டுப் பெரியவர்களை வேடிக்கை பார்க்க வைத்தால் அது வெறும் பூங்கா. ஆளுக்கொரு தட்டு, அதில் அவர் பெயர். நிரம்பிய பத்து லிட்டர் பூவாளி பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். மூடியில் துளையிட்ட ஒரு லிட்டர் பாட்டிலே என் தேர்வு. விலையுயர்ந்த கருவிப் பெட்டிகள் தண்டம். பழைய குழம்புக் கரண்டி பிடிக்கு வாகானது. பக்கவாதத்தில் வலக்கை பலவீனமான ஒரு மாமா, கரண்டிக் காம்பில் பழைய துண்டைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு குழி போடுகிறார். ஐஸ் குச்சியில் விதைத்த தேதியை எழுதுவதும் அவரே, இடக்கையால், பென்சிலில். பேனா மை முதல் மழையிலேயே கரைந்துவிடுகிறது.

காலை எட்டரைக்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் செருப்பில்லாமல் மாடியில் கால் வைக்கக் கூடாது; தரை சுடுவதே சிலருக்கு உணர்வில் படாது.

பின்சேர்க்கை: கொசு வராதா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. தட்டுக்கு அடியில் வடிநீர்ச் சட்டி வைத்திருந்தால் வாரம் இருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சட்டிகளை எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தட்டுகளை இறக்கிப் படிக்கட்டு அறைக்குள் வைக்க இரண்டு வலுவான ஆட்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்.