வேன் பிடித்து முதலை, பாம்பு பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரீட்சை லீவு விட்டால் போதும், திருநெல்வேலிப் பக்கம் பெரியப்பா, சித்தி, அத்தை வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிடும். கன்னியாகுமரியில் சூரிய உதயம், சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில், அப்புறம் மிருகக்காட்சி சாலை, இருட்டுவதற்குள் கோவளம். முதல் தவறே இந்தப் பட்டியல்தான். முதலையும் பாம்பும் பார்க்கலாம் என்றுதான் பிள்ளைகளை வண்டியில் ஏற்றியிருப்போம். கடைசியில் அதற்கு மிஞ்சுவது அரை மணி நேரம்.

ஊர்வனவற்றுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் காலை வெயிலில் முதலை கரையேறிக் கிடக்கும். உச்சி வெயிலில் நிழலுக்கோ தண்ணீருக்கோ போய்விடும். அப்போது போனால் மூக்கும் கண்ணும்தான் தெரியும். எனவே மிருகக்காட்சி சாலையை முதலில் வையுங்கள். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் காலையிலேயே உள்ளே போய்விடலாம். கோயிலைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். மிருகக்காட்சி சாலைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் அன்று விடுமுறை.

முதலை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும். "பொம்மையா இருக்குமோ?" என்று யாராவது ஒரு கல்லை எடுப்பார்கள். பெரும்பாலும் பெரியவர்கள்தான். அது கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. வாய் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கண்ணின் மேல் ஒரு மெல்லிய சவ்வு பக்கவாட்டில் வந்து மூடித் திறப்பது தெரியும். கல்லெறிந்தவர்களுக்கு அது கிடைக்காது.

பாம்புக் கூண்டின் கண்ணாடியைத் தட்டுவதும் இதே வகைதான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வை உடம்பெல்லாம் உணரும். நாள் முழுக்க நூறு கை தட்டினால் அது எங்கே போய் ஒளியும்? 2014இல் இலங்கையிலிருந்து திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கு அனகோண்டாக்களைக் கொண்டுவந்தார்கள். சினிமா பார்த்த பிள்ளைகள் அது சீறிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்துப் போவார்கள். அனகோண்டா பெரும்பாலும் தண்ணீரில் அமுங்கிக் கிடக்கிற பாம்பு என்று வேனிலேயே சொல்லிவிடுங்கள்; ஏமாற்றம் இருக்காது.

வெளியே யாராவது கழுத்தில் பாம்பைப் போட்டு போட்டோ எடுக்கச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பெரும்பாலும் பல்லைப் பிடுங்கி, பட்டினி போட்டு வைத்திருக்கும் பாம்பு அது. வழியில் நட்சத்திர ஆமையைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வருவதும் குற்றம்தான்.

வண்டி விஷயத்தில் ஒன்றுதான். வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வேனைப் பிடிக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. மஞ்சள் போர்டு வண்டிக்கும் கேரள பர்மிட் இருக்கிறதா என்று மாநில எல்லையான களியக்காவிளை போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு திரும்பும் வழியில், ராத்திரியில் நடக்கிறது. டிரைவர் தூங்கட்டும் என்று நிறுத்திவிட்டு, வேனுக்குள் புழுக்கம் என்று ஜமக்காளத்தை ரோட்டோரம் விரித்துப் படுப்பார்கள். கட்டு விரியன் நடமாடுவது ராத்திரியில்தான். தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. வயிறு வலிக்கிறது, கண் இமை தானாக மூடுகிறது என்று பிள்ளை சொன்னால், வெளியில் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேனுக்குள்ளேயே படுங்கள். ஒதுங்கப் போனால் செருப்பும் டார்ச்சும் வேண்டும். கழற்றி வைத்த செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் அதே வேனில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.