கேம்பரை இழுக்கும் வண்டியில் மீன்பிடிப் படகையும் ஏற்றிக்கொண்டு போக

உள்ளே படுத்துத் தங்கும்படி அமைந்த இழுவை வண்டிதான் கேம்பர். வண்டியின் கொக்கியில் அதை மாட்டிவிட்டால் படகு ட்ரெய்லருக்கு அங்கே இடமில்லை. மிச்சமிருப்பது வண்டியின் கூரை. பிக்கப்பாக இருந்தால் பின்தொட்டிக்கு மேல் பொருத்தும் இரும்புச் சட்டம். இரண்டும் சரிவராவிட்டால் சுருட்டி வைக்கக்கூடிய ரப்பர் படகு. 10 முதல் 12 அடி வரையுள்ள இலகுவான அலுமினியப் படகை முதல் இரண்டில் ஒன்றில் ஏற்றிவிடலாம், எடை இடம் கொடுத்தால்.

எடைக் கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேம்பரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்கும். இறங்கவும் வேண்டும், குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 1,600 கிலோ கேம்பருக்கு 12 சதவீதம் என்றால் 192 கிலோ. ஆட்கள் நால்வர் 280, படகு 60, படகைத் தாங்கும் சட்டமான ரேக் 20, படகு மோட்டார் 26, பெட்ரோல் கேன், நங்கூரம், பேட்டரி எல்லாம் சேர்த்து 40. கூட்டினால் 618. ஆட்களையும் சேர்த்து 600 கிலோதான் தாங்கும் என்று வண்டியின் குறிப்பேட்டில் இருந்தால், இந்தப் படகு இந்த வண்டிக்கு ஆகாது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு. பல கார்களில் அது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும், ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி. ரேக்கின் வரம்பு, கூரையின் வரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

கேம்பரின் கூரையில் படகை வைக்கலாமா? தயாரிப்பாளர் அதற்கென்றே சட்டம் கொடுத்து, எடையும் குறித்திருந்தால் மட்டும் வைக்கலாம். மெல்லிய பலகை மீது ரப்பர் விரிப்பு ஒட்டிய கூரைதான் பெரும்பாலும். ஓட்டை விழுந்தால் மழைநீர் உள்ளே இறங்கி மரம் உளுத்துவிடும். கேம்பரின் பின் பம்பரில் மோட்டாரை மாட்டுவது அதைவிட மோசம். அந்தப் பம்பர் பெரும்பாலும் மெல்லிய தகட்டுக் குழாய்தான், சுமைக்கானது அல்ல. தவிர, அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் 26 கிலோ தொங்கினால், அச்சுக்கு 4 மீட்டர் முன்னால் இருக்கும் கொக்கியில் சுமார் 20 கிலோ குறைந்துபோகும்.

படகை முதலில் ஏற்றுங்கள், கேம்பரைப் பிறகு மாட்டுங்கள். மாட்டிய பிறகு பின்புறமிருந்து தூக்கி ஏற்ற வழியிருக்காது. படகைக் கவிழ்த்து, மூக்கு முன்னால் இருக்கும்படி, மேல்விளிம்பு ரேக்கின் இரண்டு குறுக்குக் கம்பிகளிலும் படியும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கும். 50 லிட்டர் தேங்கினாலே 50 கிலோ கூடிவிடும். விளிம்பு படியும் இடங்களில் ரப்பர் திண்டு வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பாலியெஸ்டர் பெல்ட் போடுங்கள். நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும். பல்சக்கரப் பிடியால் பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டை வெறியோடு இறுக்கினால் அலுமினியம் நெளியும். கையால் இழுத்து இறுக்கும் கிளிப் பெல்ட் இந்த எடைக்குப் போதும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்கரிக்காது.

பெல்ட் மட்டும் போதாது. எதிர்க்காற்று படகின் மூக்கை மேலே தூக்கும். 80 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்குப் போனால் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே மூக்கிலிருந்து இரண்டு கயிறுகளை V வடிவில் இறக்கி, வண்டியின் முன்பக்க வளையங்களில் கட்டுங்கள். பின்புறக் கயிறும் இழுக்கும் வண்டியில்தான் முடிய வேண்டும். கேம்பரில் கட்டவே கூடாது: திருப்பத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் போகும், கயிறு அறுபடும் அல்லது ரேக்கைப் பிய்த்துவிடும்.

கேம்பரை மாட்டியதும், காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுத் திருப்பம் திருப்பி, படகின் பின்முனைக்கும் கேம்பரின் முன்சுவருக்கும் ஒரு முழமாவது இடைவெளி இருக்கிறதா என்று ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டின் தலைகளும் நெருங்கும் என்பதால், நேர்ச்சாலையில் தட்டாத படகும் அங்கே தட்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்கு அந்தந்த ஊர்ச் சட்டம் வரம்பு வைத்திருக்கும்; சிவப்புத் துணியோ விளக்கோ கேட்கும் இடங்களும் உண்டு. கேம்பருக்குப் பின்னால் படகு ட்ரெய்லரையும் கோர்ப்பது பல இடங்களில் தடை. அனுமதி உள்ள இடத்திலும் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு.

நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரைப் படுக்கவைக்கும்போது குறிப்பேடு சொல்லும் பக்கமே கீழே இருக்கட்டும். மாறிப் படுத்தால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். கார்புரேட்டர் பெட்ரோலை முதலில் வடித்துவிடுங்கள். பெட்ரோல் கேன் கேம்பருக்குள்ளும் காருக்குள்ளும் வேண்டாம், பிக்கப் தொட்டியில் சாய்ந்துவிடாமல் கட்டி வையுங்கள்.

புறப்பட்டு 20, 30 கி.மீ. போனதும் நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். திண்டு அமுங்கி, முதல் இறுக்கம் அதற்குள் தளர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருமுறை கைவைத்து அசைத்துப் பாருங்கள்: படகோடு சேர்ந்து வண்டியே ஆட வேண்டும், படகு தனியாக நகரக் கூடாது.