ஓசூர் சந்தையில் அவரைக்காய் வாங்கும்போது

மார்கழி, தை மாதங்களில் ஓசூர் உழவர் சந்தைக்குப் போனால் பையில் முதல் இடம் அவரைக்காய்க்குத்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் ஊர். "எவ்வளவு?" என்றாலே போதும், தெலுங்கில் "எந்த?", கன்னடத்தில் "எஷ்டு?" என்று கேட்டால் கூடவே ஒரு சிரிப்பு கிடைக்கும். விலை குறையுமா என்றால், அது பலகையிலேயே எழுதியிருக்கும்!

பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஒரு காயை விரலால் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசனை தூக்கலாக இருக்க வேண்டும், விரலில் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். கொட்டை உள்ளே பருத்து மேடு தட்டியிருக்கணும். தட்டையான காய் என்றால் உரித்தபின் ஒன்றும் மிஞ்சாது.

உரித்த கொட்டையை இரவே ஊறப்போட்டு விடுங்கள். காலையில் இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு தோலிலிருந்து குதிக்கும். எங்கள் வீட்டில் நாலைந்து எப்போதும் அடுப்புக்கடியில்தான் கிடக்கும். இதுதான் பிதுக்கம்பருப்பு, கன்னடத்தில் ஹிதகிதபேளே. கேழ்வரகுக் களிக்கு இந்தப் பருப்பில் வைக்கும் குழம்பை விட்டால் வேறு ஜோடி கிடையாது.

பிதுக்கியதையே விற்பவர்களும் உண்டு, விலை கூடுதல். அவசரம் என்றால் சரி. அப்புறம், துணிப்பையும் சில்லறையும் மறக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.