தெரபிஸ்டின் மற்ற கிளையன்ட்கள் மேல் வந்த பொறாமை: என் அனுபவம்

நான் போகும் தெரபிஸ்டிடம் (மனநல ஆலோசகரிடம்) எனக்கு முந்தைய நேரத்தில் வருபவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். பார்த்தாலே வயிறு எரியும். மேடத்துக்கு என்னைவிட அவரைத்தான் பிடிக்கும்போல என்ற நினைப்பிலேயே என் 50 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும்.

தெரபிக்குப் போகும் பலருக்கும் இது வரும். சிறு வயதில் அம்மா அப்பாவிடம் இருந்த ஏக்கம் தெரபிஸ்ட் பக்கம் திரும்புவதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பார்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1912லேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

எனக்கு உதவியது, அந்தப் பொறாமையை மேடத்திடமே சொன்னதுதான். வாய்விட்டுச் சொல்ல நா எழவில்லை. அதனால் போனில் டைப் செய்து வைத்து, உட்கார்ந்ததும் படித்துக் காட்டினேன். முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; கடைசி ஐந்து நிமிடத்துக்கு விட்டால் பேச நேரமே இருக்காது. அவர் முகம் சுளிக்கவில்லை. "அவருக்கு இங்கே என்ன கிடைக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "நீங்க அவர்கிட்ட சிரிச்சுப் பேசறீங்க" என்றேன். அப்புறம் பேச்சு, தம்பி பிறந்ததும் என்னைப் பாட்டி வீட்டில் விட்ட நாட்கள் வரை போனது. நிறைய அழுதேன். பல வாரம் அதையே பேசினோம்.

அந்த இன்னொருவரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் மென்மையாக மறுத்துவிட்டார். ரகசியம் காப்பது அவர் கடமை. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. என் கதையும் அவரிடம் அப்படித்தான் பத்திரமாக இருக்கிறது என்று புரிந்தபோது பெரிய நிம்மதி.

இப்போதும் எப்போதாவது அந்தப் பொறாமை எட்டிப் பார்க்கும். வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.