சுங்கை சிப்புட்டில் பிறந்தநாள்: சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்து சொந்தபந்தங்களைப் பார்க்க மலேசியா வருகிறவர்களில் பலர், வந்த இடத்திலேயே பிறந்தநாளையும் கொண்டாடிவிட்டுப் போகிறார்கள். ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. டவுனுக்குள் வந்தால் சீனர் கடை, மலாய்க்காரர் ஒட்டுக்கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை, நம்மவர் வாழையிலைக் கடை என்று எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

வருகிறவர்களுக்குப் பெரிய பயம் டுரியான்தான். என்னைக் கேட்டால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. பழம் வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசம் நுழைந்துவிடும். பிடிக்காதவர்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடலாம். ஆளைக் கவிழ்ப்பவை நம் வீட்டுச் சாப்பாடு போலவே தோன்றும் பண்டங்கள்தான்.

சைவக்காரர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நாசி லெமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் சேர்த்து வேகவைத்த சோறு, வெள்ளரித் துண்டு, வேர்க்கடலை, அவித்த முட்டை, பொரித்த நெத்திலி, சம்பால் என்ற மிளகாய் விழுது. நெத்திலியையும் முட்டையையும் ஒதுக்கிவிட்டால் மிச்சம் சைவம் என்று நினைத்துச் சம்பாலைப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சம்பாலில்தான் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும். பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்துக் காயவைத்த கட்டி அது. மிளகாயோடு அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கங்கோங் கீரைப் பிரட்டலிலும் அது உண்டு. பழ ரோஜாக் என்று அன்னாசி, வெள்ளரி எல்லாம் நறுக்கிக் கறுப்பாக ஒரு குழம்பு ஊற்றித் தருவார்கள். அதுவும் இறால் விழுதுதான். பழத்தில் இறால் வரும் என்று எவர்தான் நினைப்பார்?

போன வருடம் பக்கத்து வீட்டில் ஓர் அறுபதாவது பிறந்தநாள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்குத்தான் விழா. சுத்த சைவம். யாரோ சீனர் கடையிலிருந்து யோங் தாவ் ஃபூ வாங்கி வைத்திருந்தார்கள்: கீறிய வெண்டைக்காய், கத்தரிக்காய், பாகற்காய், தாவ்பூ என்ற சோயாக் கட்டி, கூடவே சிவப்பாகக் குழம்பு. அந்த அம்மா வெண்டைக்காயை எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "அத்தை, அதை வைங்க, நடுவுல பாருங்க" என்று மருமகள் ஓடிவந்தாள். கீறலுக்குள் வெள்ளையாக, வழவழவென்று மீன் விழுது. தேங்காய்த் துருவல் என்று நினைத்தேன் என்றார் அந்த அம்மா.

"சைவமா?" என்று பொதுவாகக் கேட்பதே தவறு. கறித்துண்டு இல்லையென்றால் "சைவம்தான்" என்று பதில் வரும். சொல்பவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கு வேறு. பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணே, இதுல பெலாச்சான் போட்டிருக்கா? முட்டை இருக்கா?" மாமாக் கடை ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பருப்போடு மீன் குழம்பையும் ஒரு கரண்டி சேர்த்து ஊற்றுகிற பழக்கம் பல கடைகளில் உண்டு. "பருப்பு மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கறிபாப் என்ற பொரித்த பலகாரத்தின் உள்ளே உருளைக்கிழங்கு மட்டும் இருக்கலாம், கோழியோ சார்டின் மீனோ இருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பலகையில் 'டாகிங்' என்று இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாடுதான். ரெண்டாங் என்ற மசாலாக் கறி, குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே, பர்கர் மூன்றிலும் இது வரும்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதே விஷயம் உயிர்ப் பிரச்சினை. இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடாது. பெலாச்சானும், ஒரே சட்டியில் பொரித்த எண்ணெயும் போதும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மோர் கொடுத்துப் படுக்கவைத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

பச்சையாகத் தொட்டுக்கொள்ளும் உலாம் தட்டில் இரண்டு கொட்டைகள் வரும். பெத்தாய் பச்சை நிறத்தில் நீள அவரை போன்ற காயில் இருப்பது. சாப்பிட்டால் சிறுநீர் நாறும், வேறொன்றும் ஆகாது. ஜெரிங் அப்படியல்ல. தட்டையாக, வட்டமாக இருக்கும் அதில் ஜெங்கோலிக் அமிலம் என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது சிறுநீர்ப் பாதையில் ஊசி ஊசியாகப் படிந்து, தாங்க முடியாத இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், சில சமயம் சிறுநீரே அடைத்துப்போவது வரை கொண்டுபோய்விடும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிறந்தநாள்காரரை உசுப்பிவிட்டு "இன்னும் நாலு தின்னு" என்று பந்தயம் கட்டுவது இங்கே வேடிக்கைதான். முதல்முறை சாப்பிடுகிறவர் அந்த வேடிக்கைக்குள் போகக் கூடாது.

டுரியானுக்கு வருவோம். சர்க்கரைக்காரர்கள் ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். டுரியானும் மதுவும் சேர்ந்தால் ஆள் காலி என்று இங்கே பெரியவர்கள் சொல்வது மிகைதான். ஆனாலும் 2009-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதுவை உடைக்க உடம்புக்கு உதவும் ஒரு நொதியை டுரியான் சாறு தடுப்பதைச் சோதனைக்குழாயில் கண்டார்கள். அதனால் ஒன்றை ஒரு நாள், மற்றதை இன்னொரு நாள் வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. அப்புறம், விடுதி அறைக்கு எடுத்துப் போகாதீர்கள். பல விடுதிகளில் தடை, மீறினால் அபராதம்.

மது என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று: லேபிள் இல்லாத, அடிமாட்டு விலைச் சம்சு என்ற மட்டச் சாராயம். விருந்து களைகட்டும்போது யாராவது ஒரு போத்தலை நீட்டுவார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். மெத்தனாலின் கோளாறு உடனே தெரியாது. அன்று இரவு சாதாரணப் போதைதான், மறுநாள்தான் வயிறு வலிக்கும், கண் மங்கும். அதை 'ஹேங்ஓவர்' என்று தூங்கிக் கழிக்கக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேக் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. தோட்டத்து ஊரில் பிறந்தநாளுக்கு மலாய் அண்டைவீட்டாரும் வருவார்கள். நம் வழக்கப்படி ஒரு துண்டை எடுத்து அவர்கள் வாயருகே கொண்டுபோனால் அது ஹலால்தானா என்று தெரியாமல் சங்கடம் அவர்களுக்குத்தான். ஹலால் முத்திரை உள்ள கடையில் கேக் வாங்கினால் பிரச்சினையே இல்லை. ரம் வாசனை சேர்த்த கேக்கும், எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஜெலட்டினும் வேண்டாம். முட்டையில்லாக் கேக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சின்ன டவுனில் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

இங்கே வெறும் 'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்க வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ', சர்க்கரையும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. விருந்தில் ரோஜா நிறத்தில் வரும் பண்டோங் என்ற பானமும் இனிப்புச் சிராப்பும் பாலும் கலந்ததுதான், சர்க்கரைக்காரர்கள் கவனம்.

காலையில் ஆக்கிய மீஹூன் என்ற அரிசிச் சேமியாவையும் தேங்காய்ப்பால் கறியையும் கூடாரத்தின் கீழே சாயங்காலம் வரை திறந்து வைப்பதும் நடக்கிறது. இந்த வெயிலில் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 2018 அக்டோபரில் கெடாவின் பாலிங் பக்கம் ஒரு கடையில் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பைச் சாப்பிட்டுப் பலர் சால்மோனெல்லா என்ற கிருமியால் படுத்தார்கள். இருவர் உயிரும் போனது. மறுநாள் விமானம் என்றால், முதல்நாள் இரவு புதிய பண்டம் எதையும் தொடாதீர்கள்.

மிச்சமிருப்பது சட்டைக்கு வரும் ஆபத்துதான். ஓண்டே ஓண்டே என்ற பச்சை உருண்டைக்குள் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் உருகி இருக்கும்; பாதியாகக் கடித்தால் எதிரே இருப்பவர்மேல் பீய்ச்சும், முழுசாக வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டு கடியுங்கள். மங்குஸ்தீன் தோலின் சாறு துணியில் பட்டால் லேசில் போகாது. புதுச் சட்டையோடு படம் எடுத்து முடித்த பிறகு அதை உரிக்கலாம்.