காட்சிப் பண்பாட்டைக் கற்பதும் கலைத்துறைப் பணிக்கு ஆயத்தமாவதும்

காட்சிப் பண்பாட்டுப் படிப்பு ஓவியத்தோடும் சிற்பத்தோடும் நின்றுவிடுவதில்லை. ஒளிப்படம், விளம்பரம், சுவரொட்டி, திரைப்படம் என மனிதர் பார்ப்பதற்காக ஆக்கிய எல்லாவற்றையும், யார், யாருக்காக, எந்த நோக்கத்தில் ஆக்கினார்கள் என்ற கேள்வியோடு அது ஆராய்கிறது. புதிதாக வருபவர்களில் பலர் கோட்பாட்டு நூல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரே படைப்பை நெடுநேரம் பார்த்து, கண்டதை எழுதிப் பழகுவதுதான் முதற்படி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், மாணவர்களை ஒரே படைப்பின் முன் மூன்று மணி நேரம் இருக்கச் சொல்கிறார். மிகையாகத் தோன்றினாலும் இதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் இளவரசியும் தோழியரும் உடனே கண்ணில் படுவார்கள். பின்சுவர்க் கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிவதும், ஓவியர் தீட்டிக்கொண்டிருக்கும் படத்தின் பின்புறம் மட்டுமே நமக்குக் காட்டப்படுவதும் சற்றுப் பொறுத்தே புலப்படும். இவ்வாறு கண்டதை, விளக்கம் எதையும் கலக்காமல், ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகு பொருள் கூறுங்கள். நேரில் செல்ல இயலாதவர்களுக்கு, பதிப்புரிமை நீங்கிய படைப்புகளின் படங்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தடையின்றிப் பயன்படுத்தத் தருகிறது. ஆனால் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஓவியமும் உள்ளங்கையில் அடங்கும் ஓவியமும் திரையில் ஒரே அளவாகவே தோன்றும் என்பதால், அளவை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்பழக்கம் பணியிடத்தில் நேரடியாகப் பயன்படுகிறது. இரவல் வந்த படைப்பின் கீறலையும் வெடிப்பையும் பதிவுசெய்யும் நிலை அறிக்கை, ஏல நிறுவனத்தின் பட்டியல் குறிப்பு, காட்சிக்கூடத்தில் பார்வையாளருக்காக வைக்கும் சிறு விளக்க அட்டை ஆகிய மூன்றுமே துல்லியமாகப் பார்த்துச் சுருக்கமாக எழுதும் திறனைக் கோருபவை. அருங்காட்சியகத் தொகுப்பைப் பொறுப்பேற்றுக் காட்சிகளை வடிவமைக்கும் காப்பாட்சியர் பணியையே எல்லாரும் நாடுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும். படைப்புகளின் வரவையும் இரவலையும் பதிவுசெய்யும் பதிவாளர், கல்வி அலுவலர், ஆவணக் காப்பாளர் போன்ற பணிகளையும் எண்ணிப் பாருங்கள். படைப்புகளைச் செப்பனிடும் துறைக்குச் செல்ல விரும்புவோர் வேதியியலைக் கைவிட்டுவிடக் கூடாது.

ஒரு படைப்பு யார் யாரிடம் கைமாறி வந்தது என்று தேடும் ஆய்வுக்கு இன்று தனி முக்கியத்துவம் உண்டு. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும், நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் குறித்த 1998ஆம் ஆண்டு வாஷிங்டன் கோட்பாடுகளும் அதற்கு வலுச்சேர்த்தன. பழைய ஏலப் பட்டியல்களையும் கடிதங்களையும் படிக்க வேண்டியிருப்பதால், பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழியில் வாசிக்கும் அளவுக்கேனும் பயிற்சி பெறுவது நன்று.

பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது ஆர்வத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதுவதைவிட, ஒரு படைப்பின் வருணனையையும், அதன் உரிமையாளர் வரிசையை இடைவெளிகளை மறைக்காமல் காட்டும் குறிப்பையும் இணைத்து அனுப்புங்கள்.